பொய் சொல்லாத சாட்சி

சென்ற ஆண்டு மழை நாட்களில் எங்கள் செந்தூல் வட்டாரத்தை ஒரு கருஞ்சிறுத்தை ஒரு வாரகாலம் ஆட்டி வைத்தது. அது காலால் நடந்து வந்ததன்று. கைப்பேசி வழியே வந்தது. பழைய ரெயில்வே பட்டறையின் மதிலோரம், புதர் மண்டிய இடத்தில், கறுத்த உருவம் ஒன்று படுத்திருப்பதாக ஒரு படம். அதன் கீழே, "பத்துமலைக் காட்டிலிருந்து இறங்கிவிட்டது, குழந்தைகளை வெளியே விடாதீர்கள்" என்று ஓர் எச்சரிக்கை. ஒரே இரவில் அப்படம் ஊர் முழுவதும் பரவிற்று. மறுநாட் காலை தேநீர்க் கடையில் அமர்ந்திருந்த ஒருவர், நடுநிசியில் அதன் உறுமலைத் தம் காதாரக் கேட்டதாகச் சொன்னார். மற்றொருவர், தம் வீட்டுக் கோழி இரண்டைக் காணவில்லை என்றார். மெத்தப் படித்த மூன்றாமவர் ஒருவர், கோயில் காரியம் ஏதோ தடைப்பட்டதனால் நேர்ந்த தெய்வக் குற்றம் இது என்று முடிவே கட்டிவிட்டார். ஏழாம் நாள் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் அப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அவ்வுருவத்தின் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருப்பதைச் சுட்டிக் காட்டினான். குழாயின் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அந்த மிருகம் ஒன்றரைச் சாண் உயரத்திற்கு மேல் தேறவில்லை. யாரோ வீட்டுக் கறுப்புப் பூனை!

எல்லோரும் சிரித்தார்கள். உறுமலைக் கேட்டவரும் சிரித்தார்; தெய்வக் குற்றம் கண்டவரும் சிரித்தார். நானும் உடன் சிரித்தேனாயினும், அச்சிரிப்பு என் நெஞ்சிலிருந்து வரவில்லை. காணாததைக் கண்டதாகச் சொல்வது எத்தகைய தீங்கில் கொண்டுபோய் விடும் என்பதை நான் என் பத்தாம் வயதிலேயே அறிந்தவன். அறிந்தவன் என்பதைவிட, அத்தீங்கைச் செய்தவன் என்பதே பொருந்தும். அதனை இதுவரையில் நான் யாரிடமும் எழுத்தில் வைத்ததில்லை. இப்பொழுது வைக்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது உலு சிலாங்கூர்ப் பகுதியில், காட்டை அடுத்திருந்த ஒரு பால்மரத் தோட்டம். கடைசி நிரை மரங்கள் முடிகின்ற இடத்தில் காடு தொடங்கும். நடுவே ஒரு சிற்றாறுதான் எல்லை. விடியற்காலை பெரட்டுக்கு மணியடிக்கும்போது இருள் விலகியிராது. பெண்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வாளியும் கத்தியுமாக அந்தக் கடைசி நிரைகளுக்குப் போவார்கள். அங்கே போகின்றவர்களுக்கு இரண்டு பயம். ஒன்று, புலி பயம். மற்றொன்று, முனி பயம். புலியைப் பார்த்தவர் சிலர் இருந்தனர். முனியைப் பார்த்தவர் எவருமில்லை; ஆயினும் முனியைப் பற்றிய கதைகளே அதிகம். முனி கன்னங்கரேலென்று இருக்கும், கண் மட்டும் நெருப்புத் துண்டாக எரியும், அது நடந்தால் சருகு கூட ஓசைப்படாது என்பார்கள். இன்று அந்த வருணனையை நினைத்துப் பார்த்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. அது ஓர் அட்சரமும் பிசகாமல் கருஞ்சிறுத்தையின் வருணனை. நம்மவர் கண்டது மெய். கண்டதற்கு இட்ட பெயர்தான் பொய்.

1963ஆம் ஆண்டு. என் தந்தையைப் பெற்ற பாட்டியை நாங்கள் அப்பாயி என்றழைப்போம். கணவனை இழந்தவள். பால்மரம் வெட்டியது போக, அவளுக்கென்று சொந்தமாக இருந்தவை நான்கு ஆடுகளே. லயத்தின் பின்புறத்தில், ஆற்றுப் பக்கமாகப் பட்டி கட்டியிருந்தாள். ஒருநாள் விடிந்து பார்த்தபோது இரண்டு ஆடுகள் இல்லை. பட்டியின் படல் சாய்ந்து கிடந்தது. இரவெல்லாம் மழை பெய்திருந்தமையால் அடிச்சுவடு எதுவும் தெரியவில்லை.

உடனே இரண்டு தீர்ப்புகள் பிறந்தன. முதல் தீர்ப்பு, முனி எடுத்துக் கொண்டது என்பது. பூசை போடாமல் விட்டதன் பலன் இது, மீதி ஆடுகளும் போகும், பிறகு ஆள் போகும் என்று குறி சொன்னார்கள். சேவலும் சாராயமும் சுருட்டும் தட்சிணையும் சேர்ந்து ஒரு தொகை ஆயிற்று. அப்பாயி தன் காதுத் தோட்டைக் கழற்றிப் பட்டணத்து அடகுக் கடைக்கு அனுப்பினாள். அத்தோடு பின்னர் மீட்கப்படவே இல்லை. அவள் இறந்த அன்று அந்தக் காதுத் துளைகளில் வேப்பங்குச்சிதான் இருந்தது.

இரண்டாவது தீர்ப்பு, காட்டுக்காரன் திருடிவிட்டான் என்பது. அந்நாளில் ஆற்றுக்கு அப்பால் இருந்து பூர்வகுடி மனிதர் ஒருவர் மாதம் இரண்டொரு முறை எங்கள் லயத்துக்கு வருவார். பெத்தாய், பிரம்பு, சில நாட்களில் தேன் கொண்டுவந்து கொடுத்து, உப்பும் அரிசியும் புகையிலையும் வாங்கிக்கொண்டு போவார். அவருடைய பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. 'சக்காய்' என்றுதான் நம்மவர் கூப்பிடுவார்கள். அச்சொல் இழிவான சொல் என்பது எங்களுக்குத் தோன்றவுமில்லை. வெள்ளைக்காரன் நம்மைக் கூலி என்றபோது கொதித்தோமே, நமக்குக் கீழே ஒருவனைத் தேடிப் பிடித்து இழிசொல்லால் அழைப்பதில் மட்டும் நமக்குக் கூச்சமில்லை.

லயத்துப் பெரியவர்கள் கூடியிருந்தார்கள். ஒருவர் என்னை அருகே இழுத்து நிறுத்தி, "தம்பி, நீதானே நேத்து சாயங்காலம் ஆத்தோரம் விளையாண்டே? அவன் பட்டிப் பக்கம் நின்னதைப் பார்த்தியா?" என்று கேட்டார். நான் எதையும் பார்க்கவில்லை. ஆனால் அத்தனை பெரியவர்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் எவரும் அதுவரையில் அப்படி ஒரு முக்கியமான கேள்வியைக் கேட்டதில்லை. அவர்கள் விரும்பிய பதில் எது என்பதும் எனக்குப் புரிந்திருந்தது. "ஆமா, பார்த்தேன்" என்றேன்.

அடுத்த முறை அம்மனிதர் பெத்தாய்க் கட்டோடு வந்தபோது அவரைப் பிடித்து, தண்ணீர்க் குழாயடியில் வைத்து அடித்தார்கள். அவர் திருப்பி அடிக்கவில்லை, கத்தவுமில்லை. சிதறிக் கிடந்த பெத்தாய்க் கொத்துகளையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு எழுந்து ஆற்றைக் கடந்து போனார். அதற்குப் பின் அவர் எங்கள் பக்கம் வந்ததே இல்லை.

மூன்று மாதங் கழித்து, காட்டுப் பன்றிக்கென்று என் சித்தப்பா ஆற்றுக்கு அப்பால் வைத்திருந்த கம்பிச் சுருக்கில் ஒரு மிருகம் மாட்டிச் செத்துக் கிடந்தது. சைக்கிளின் பிரேக் கம்பியால் செய்த சுருக்கு அது. நானும் ஓடிப் போய்ப் பார்த்தேன். தாரில் தோய்த்தாற்போன்ற கறுப்பு. சுற்றிலும் மண் உழுதாற்போலக் கிளறப்பட்டிருந்தது. சாவதற்கு அதற்கு நெடுநேரம் ஆகியிருக்க வேண்டும். வெயில் ஏறிச் சாய்வாக அதன் விலாவில் விழுந்தபோது, அந்தக் கறுப்புக்குள்ளே கறுப்பாகவே பூப்பூவாகப் புள்ளிகள் தோன்றின. கறுப்புப் பட்டில் கறுப்பு நூலாலேயே பூ வைத்து நெய்தாற்போல. அங்கிருந்து பத்தடி தள்ளி, ஒரு பெருமரத்தின் பலகை வேர்களுக்கு இடையில், வெளுத்த எலும்புகள் கிடந்தன. அவற்றோடு அப்பாயி தன் ஆட்டின் கழுத்தில் கட்டியிருந்த சிறு மணியும் கிடந்தது.

தோலை யாரோ வந்து விலைக்கு வாங்கிப் போனார்கள். மணியை நான் கொண்டுவந்து அப்பாயியிடம் கொடுத்தேன். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாதிருந்து, "அந்த மனுசன்கிட்ட யாருடா போயிச் சொல்றது?" என்று மட்டும் கேட்டாள். யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. முனிக்குப் போட்ட பூசைப் பணத்தையும் யாரும் திருப்பித் தரவில்லை.

பிறகு நான் வளர்ந்து, செந்தூலுக்கு வந்து, ரெயில்வே பட்டறையில் பிட்டராக வேலை செய்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். என் மகள் வயிற்றுப் பேத்தி பல்கலைக் கழகத்தில் வனவியல் படித்தாள். ஒருநாள் அவள் ஒரு பெட்டியை என் மேசை மீது வைத்து, "தாத்தா, உங்க பட்டறைக் கண்ணால இதைக் கொஞ்சம் திறந்து பாருங்க. உள்ளே எறும்பு கூடு கட்டிடுச்சு" என்றாள். சாப்பாட்டுப் பெட்டி அளவுள்ள, பச்சையும் பழுப்புமாகச் சாயமிட்ட பெட்டி அது. முன்புறத்தில் ஒரு கண்ணாடிக் கண்ணும், அதைச் சுற்றிச் சிறு விளக்குகளும், கீழே பாலாடை போன்ற ஒரு சிறு திரையும் இருந்தன. அதைத்தான் கேமராப் பொறி என்கிறார்கள். பொறி என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் இது பிடித்து வைத்துக் கொல்லுகின்ற பொறியன்று; பார்த்துவிட்டுப் போக விடுகின்ற பொறி.

இதன் வேலை எளிதானது. அந்தச் சிறு திரைக்குப் பின்னால் வெப்பத்தை உணரும் கருவி ஒன்று இருக்கிறது. சுற்றுப்புறத்தினின்று வேறுபட்ட உடற் சூட்டோடு ஒன்று குறுக்கே அசைந்தால், கருவி விழித்துக்கொண்டு படம் எடுக்கிறது. படத்தின் ஓரத்தில் நாளும் மணியும் தாமே பதிவாகின்றன. மிருகங்கள் நடக்கின்ற தடத்தில், மரத்தில் முழங்கால் உயரத்தில் இதனைக் கட்டி வைப்பார்கள். தடத்தின் இருபுறமும் ஒன்றுக்கொன்று எதிராக இரண்டு பெட்டிகள் வைப்பது வழக்கம். ஏனெனில் சிறுத்தையின் இடப்பக்கத்துப் புள்ளியும் வலப்பக்கத்துப் புள்ளியும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மனிதரின் கைரேகை போன்று, ஒரு சிறுத்தையின் புள்ளிகள் மற்றொன்றுக்கு இருப்பதில்லை. இருபுறத்தையும் எடுத்து வைத்தால்தான், நேற்று வந்ததும் இன்று வந்ததும் ஒன்றா வேறா என்று சொல்ல முடியும். யானை பிடுங்கி எறிகிறது. மழை உள்ளே இறங்குகிறது. எறும்பு குடி புகுகிறது. சில இடங்களில் மனிதன் திருடிக்கொண்டு போகிறான். இவ்வளவையும் தாண்டி அது வாரக் கணக்கில் ஊண் உறக்கமின்றிக் காத்திருக்கிறது.

இந்த யோசனை புதியதன்று. இந்தியாவில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் என்னும் ஆங்கிலேயர், வேட்டைத் துப்பாக்கியை விடுத்து, காட்டுத் தடத்தின் குறுக்கே கம்பி கட்டி, புலி தானே அதனை இடறித் தன் படத்தை எடுத்துக்கொள்ளும்படி செய்தார். அப்படங்கள் அடங்கிய அவருடைய நூல் 1927இல் வெளிவந்தது. பின்னர் கர்நாடகத்து நாகரஹொளேக் காட்டில் உல்லாஸ் கரந்த் என்னும் இந்திய விஞ்ஞானி, புலியின் வரிகளைக் கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக அடையாளங் கண்டு, கணித முறைப்படி எண்ணும் வழியை 1995இல் வெளியிட்டார். நம் நாட்டில் தாமான் நெகாராக் காட்டில் 1998 முதல் 2001 வரை கே கவனிஷி என்ற ஜப்பானியப் பெண்மணி இம்முறையில் புலிகளை எண்ணினார்.

எண்ணுவது எப்படி என்று பேத்தியைக் கேட்டேன். எல்லா மிருகமும் பெட்டி முன் வந்து பெரட்டுக்கு நிற்குமா என்ன? அவள் எனக்கு விளங்கும்படி ஒரு குளத்தைச் சொன்னாள். குளத்தில் 20 மீன்களைப் பிடித்து, துடுப்பில் ஓர் அடையாளமிட்டுத் திரும்ப விட்டுவிடுங்கள். சில நாள் கழித்து மறுபடியும் 20 மீன்களைப் பிடியுங்கள். அவற்றில் 5 மீன்களுக்கு அடையாளம் இருக்குமானால், பிடிபட்டதில் நாலில் ஒரு பங்கு பழையவை. ஆகவே முதலில் அடையாளமிட்ட 20, குளத்து மீன்களில் நாலில் ஒரு பங்கு. குளத்தில் ஏறத்தாழ 80 மீன்கள். புலிக்கும் சிறுத்தைக்கும் நாம் அடையாளமிட வேண்டுவதில்லை. இயற்கையே வரியும் புள்ளியும் இட்டு வைத்திருக்கிறது. கணக்கு இதைவிட நுட்பமானதுதான்; ஆனால் அடிப்படை இதுவே.

இங்கேதான் நம் நாட்டுக் கருஞ்சிறுத்தை விஞ்ஞானிகளைத் திகைக்க வைத்தது. கருஞ்சிறுத்தை தனி இனமன்று, பேயுமன்று, சாதாரணச் சிறுத்தையே. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் கறுப்பு நிறத்துக்குரிய மரபுக்கூறு இரண்டும் சேர்ந்து வந்தால் குட்டி கறுப்பாகப் பிறக்கிறது. உலகின் பிற பகுதிகள் பலவற்றில் இது குறைவு. நம் தீபகற்பத்திலோ இதுவே வழக்கம். 1996 முதல் 2009 வரை தீபகற்பத்தின் பல காடுகளில் எடுத்த படங்களைத் தொகுத்து 2010இல் வெளியிட்டார்கள். அவற்றில், தாய்லாந்தின் கிரா பூசந்திக்குத் தெற்கே எடுத்த 400க்கு மேற்பட்ட சிறுத்தைப் படங்களில் ஒன்றிலேனும் மஞ்சள் நிறச் சிறுத்தை இல்லை, யாவும் கறுப்பு. மலாய்க்காரர் இதனை 'ஹரிமாவ் கும்பாங்' என்பர். கும்பாங் என்றால் வண்டு. பளபளக்கும் கருவண்டுக்கு ஒப்பாக்கி அவர்கள் பெயரிட்டார்கள். நாம் முனியாக்கிப் பயந்தோம்.

எல்லாம் கறுப்பாக இருந்தால் ஒன்றிலிருந்து ஒன்றை எப்படிப் பிரிப்பது? படத்திலே ஒரு கரிய உருவந்தான் தெரிகிறது. பத்துப் படம் விழுந்தால், அது பத்துச் சிறுத்தையா, ஒரே சிறுத்தை பத்து முறை வந்ததா? திரெங்கானுவின் கெஞ்ஞிர் ஏரியை அடுத்த காட்டில் வேலை செய்த ஆராய்ச்சியாளர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். இரவில் இந்தப் பெட்டிகள், மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சிப் படமெடுக்கின்றன. அவ்வொளியில் கருஞ்சிறுத்தையின் புள்ளிகள் தெளிவாகத் தெரிகின்றன. பகலில் ஒளி போதிய அளவு இருப்பதனால் பெட்டி அந்த விளக்கைப் போடுவதில்லை, புள்ளியும் தெரிவதில்லை. ஆகவே அவர்கள், பகலிலும் இரவென்றே கருதும்படி பெட்டியை மாற்றி அமைத்தார்கள். அதன் பின் பகலில் வந்த சிறுத்தையும் தன் புள்ளிகளைக் காட்டிற்று. 2015இல் வெளியான அவர்களுடைய கணக்கின்படி, அக்காட்டில் 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 சிறுத்தைகள். நம் கோலாலம்பூர்க் கூட்டரசுப் பிரதேசம் 243 சதுர கிலோமீட்டர். அத்தனை பெரிய இடம் முழுதும் காடாக இருந்தாலும், அந்தக் கணக்கின்படி அதில் ஏழு சிறுத்தைகளே இருக்கும்.

பேத்தி இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆற்றங்கரையில் வெயில் சாய்ந்து விழுந்த அந்த விலாப்புறம் என் கண் முன் நின்றது. விஞ்ஞானிகள் அரும்பாடுபட்டுக் கண்ட புள்ளிகளை நான் பத்து வயதில் கண்டேன். ஆனால் செத்த பிறகு கண்டேன். கறுப்பு என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறவனுக்கு, ஒவ்வொன்றும் தனித்தனி உயிர் என்பது தெரிவதில்லை. சக்காய் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டதனால்தானே அம்மனிதருக்கும் ஒரு பெயர் உண்டென்பது எங்களுக்குத் தெரியாமற் போயிற்று?

2019ஆம் ஆண்டில் பேத்தி என்னைக் காட்டுக்கு அழைத்துப் போனாள். பகாங் மாநிலத்து மேராப்போவை அடுத்து, சுங்கை யூ என்னும் இடம். தாமான் நெகாராக் காட்டையும் நடுமலைத் தொடர்க் காட்டையும் இணைக்கின்ற ஒடுக்கமான வழி அது. மிருகங்கள் கீழே கடந்து போவதற்காக அங்கே சாலையைப் பாலமாக உயர்த்தியிருக்கிறார்கள். மைகேட் என்னும் புலிப் பாதுகாப்புக் கூட்டமைப்பு 2010 முதல் பொதுமக்களையும் அப்பகுதிக் காட்டில் நடக்க அழைத்து வருகிறது. மனித நடமாட்டம் இருந்தால் திருட்டு வேட்டைக்காரன் அஞ்சுவான் என்பது கருத்து. நாங்கள் சென்ற சிறு குழுவுக்கு வழி காட்டியவர் பாத்தேக் குடியைச் சேர்ந்த பெரியவர். என் வயதுதான் இருக்கும்.

அரை மணி நேரம் நடந்ததும் அவர் கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். எனக்கு எதுவும் தெரியவில்லை. அவர் குனிந்து சருகை விலக்கிக் காட்டினார். ஒரு கம்பிச் சுருக்கு. வளைத்துக் கட்டிய இளமரமும், மண்ணில் மூடிய வளையமும், கால் பட்டதும் இழுத்துக்கொள்ளும் அதே சூட்சுமம். 56 ஆண்டுகளுக்குப் பிறகும் அதில் எந்த மாற்றமும் இல்லை. கம்பி மட்டும் முன்னிலும் தடித்திருந்தது. அவர் அதை இடுக்கியால் நறுக்கிப் பையில் போட்டார். சுருக்கு ஆள் பார்ப்பதில்லை. பன்றிக்கு வைத்ததில் மானும் மாட்டும். மானுக்கு வைத்ததில் புலியும் மாட்டும். மலேசியக் காடுகளில் 2016 முதல் 2020 வரை எடுத்த தேசியப் புலிக் கணக்கெடுப்பு, 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியிருப்பதாகக் கண்டது. நம் சிறுத்தையின் கிளையினமும் 2019இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் மிக அருகிவிட்ட இனமாகக் குறிக்கப்பட்டது. இவ்வழிவுக்கான பெருங்காரணங்களுள் அந்தக் கம்பித் துண்டும் ஒன்று. என் சித்தப்பா தீயவரல்லர். பசிக்குப் பன்றி பிடித்தவர். ஆனால் கம்பி வைத்தவனின் மனத்தை அறிந்தா கம்பி இழுக்கிறது?

சற்று மேலே ஒரு பெட்டி கட்டியிருந்தது. பேத்தி அதிலிருந்த படங்களைத் தன் கருவியில் போட்டுக் காட்டினாள். ஒன்றுமில்லாத இலை அசைவுகள் பல, பன்றிக் கூட்டம், முள்ளம்பன்றி, ஒரு தாப்பிர். பிறகு விடியற்காலை மூன்று மணிக்கு மேல் எடுத்த ஒரே ஒரு படம். சாம்பல் நிறத்து உடல். அதன் மேல் நெருக்கமாகப் பூத்த புள்ளிகள். தலையைத் தாழ்த்தி, எவரையும் பொருட்படுத்தாமல் தன் வழியே போய்க்கொண்டிருந்தது. அதற்கு முன் உயிரோடு ஒன்றை நான் படத்திற்கூடக் கண்டதில்லை.

திரும்புகையில் ஆற்றங்கரையில் இளைப்பாறினோம். நான் எனக்குத் தெரிந்த மலாயில் அப்பெரியவரிடம் அந்தப் பழைய கதையைச் சொன்னேன். ஆடு, மழை, குழாயடி, என் வாய்ப்பொய் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் அவரிடம் சொன்னேன் என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. அவர் மன்னித்தால் பாரம் இறங்கும் என்று எண்ணினேனோ என்னவோ. அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "உலு சிலாங்கூரில் இருப்பவர்கள் தெமுவான் குடி. நாங்கள் வேறு, எங்கள் ஆறு வேறு. அவருக்குச் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லி என்ன செய்வது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை; உள்ளதைச் சொன்னார். அங்கேயும் நான், காட்டில் வாழ்கின்றவர்கள் எல்லோரும் ஒன்று என்றல்லவோ எண்ணியிருந்தேன்! எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த மாதம் நான் பிறந்த தோட்டத்துப் பக்கம் போனேன். லயங்கள் இல்லை, செம்பனை நிற்கிறது. ஆறு மட்டும் இருக்கிறது. அப்பால் இருந்த தெமுவான் கிராமத்தில், அறுபது ஆண்டுகளுக்கு முன் பெத்தாய் விற்க வந்த ஒருவரைப் பற்றிக் கேட்டேன். பெயர் தெரியாத ஒருவரைப் பற்றி யாரிடம் என்ன கேட்பது? அவர்கள் தேநீர் கொடுத்தார்கள். பெயரைத் தெரிந்துகொண்டு வா என்றார்கள். அப்பெயரை எனக்குச் சொல்லக்கூடிய என் லயத்தார் ஒருவர் கூட உயிரோடில்லை. இருந்தாலும் அவர்களுக்கும் தெரியாது.

தோட்டத்திலும் பட்டணத்திலும் இருக்கும் சகோதர சகோதரிகளுக்கு நான் சொல்ல விரும்புவது சிலவே. காடு நமக்குத் தொலைவில் இல்லை. நம்மவர் பல்லாயிரவர் குடியிருக்கும் பூச்சோங்கை அடுத்து, ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டரே உள்ள ஆயர் ஹீத்தாம் வனத்தில் கருஞ்சிறுத்தைகளின் அடிச்சுவடுகளை அளந்து ஆராய்ந்து 2011இல் வெளியிட்டிருக்கிறார்கள். எனவே காட்டோரத்தில் ஆடு வளர்ப்பவர், இரவில் அவற்றைப் படல் கட்டிய பட்டியில் விடாமல், கூரையும் உறுதியான கதவும் உள்ள கொட்டிலில் அடைக்க வேண்டும். அப்பாயியின் பட்டிக்கு அப்படி ஒரு கதவு இருந்திருந்தால், அவள் காதில் தோடு இருந்திருக்கும். பெரிய மிருகத்தின் சுவட்டையோ கம்பிச் சுருக்கையோ கண்டால் பெர்ஹிலித்தான் என்னும் வனவிலங்குத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சுருக்கு வைப்பதை 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது, அறமும் தடுக்கிறது.

மற்றொன்று, படத்தைப் பற்றியது. படம் என்பதனாலேயே அது உண்மையாகிவிடாது. செந்தூலைக் கலக்கியதும் ஒரு படமே. காட்டுப் பெட்டியின் படத்தை நாம் நம்புவது, அதற்கு இடமும் நாளும் மணியும் உண்டு, வேறொருவர் அதனை எடுத்துச் சரிபார்க்கலாம் என்பதனால். அது தான் கண்டதை மட்டுமே சொல்கிறது. தன் முன் வராததைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. யாரை மகிழ்விக்க என்ன சொல்ல வேண்டும் என்று அதற்குத் தெரியாது. பத்து வயதில் எனக்கு அது தெரிந்திருந்தது. அதுவே என் குற்றம்.

கைப்பேசியில் ஒரு படமும் அதன் கீழே ஒரு செய்தியும் வரும்போதெல்லாம், நம்மை ஒருவர் நடுவில் நிறுத்தி, "நீ பார்த்தாயா?" என்று கேட்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதை அடுத்தவருக்கு அனுப்புவது, "ஆமாம், பார்த்தேன்" என்று சொல்வதற்கு ஒப்பாகும். பார்க்கவில்லையானால், பார்க்கவில்லை என்று சொல்லிப் பழகுவோம். அது சொல்வதற்குச் சிறிய சொல். அன்று நான் அதைச் சொல்லியிருந்தால், பெயர் தெரியாத ஒரு மனிதர் தம் பெத்தாய்க் கட்டோடு அடுத்த மாதமும் எங்கள் லயத்துக்கு வந்திருப்பார்.